ஒரே வளையத்தில் இரண்டு சாவிகள்

1

பூட்டுப் போடுவது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அப்படிப்பட்ட நான் ஒருநாள் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டு, கைப்பேசியின் சத்தத்தையும் அணைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். வடக்குப் பிரான்சின் ஒரு துறைமுகத்தில் ஒரு முழுக் கப்பல் என் சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

விவரமாகச் சொன்னால்தான் என் அசட்டுத்தனத்தின் முழு உயரம் தெரியும். கப்பலிலிருந்து இறங்கும் மாட்டுத்தீவனம் ஒரு நீண்ட கன்வேயர் பெல்ட்டில் ஏறி, தரைக்கு அடியில் ஒரு சுரங்கம் வழியாகக் கிடங்குக்குப் போகும். பெல்ட்டை ஓட்டுவது ஒரு கம்பெனி. பழுது பார்ப்பது இன்னொன்று. கீழே சிந்துவதைக் கூட்டி அள்ள மூன்றாவது. சுரங்கத்து விளக்குக்கு நான்காவது. இவர்களில் யார் உள்ளே போவதென்றாலும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கொண்டியில் தன்னுடைய பூட்டை மாட்ட வேண்டும். நான்கு பேர் போனால் நான்கு பூட்டு. பூட்டில் அவரவர் புகைப்படம், சாவி அவரவர் பையில். வெளியே வந்து அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் பெல்ட் ஓடும். இதை எல்லாக் கம்பெனி ஆட்களுக்கும் செய்துகாட்டத்தான் அன்று என் பூட்டை மாட்டினேன். கழற்றிக் காட்ட மறந்துவிட்டேன்.

காலையில் போனபோது பூட்டை வெட்டியிருந்தார்கள். வெட்ட அனுமதி தரவேண்டிய அதிகாரி யாரென்று விதியைப் புரட்டியதில் அங்கேயும் என் பெயர்தான் இருந்ததாம். துண்டான பூட்டை, அதில் சிரித்துக்கொண்டிருந்த என் புகைப்படத்தோடு, சாப்பாட்டு அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள்.

இந்தக் கதையை வெகுநாள் நானே விருந்துகளில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அந்தப் பூட்டில் தொடங்கியது ஒருவனுடைய வலது கையில் போய் முடிந்தது. இன்னொருவர் ஜெயிலுக்குப் போவாரா மாட்டாரா என்பது, கை போனவன் சொல்லப்போகும் ஒரே ஒரு பதிலில் தொங்கியது.

2

ஊரில் என் வேலையை விளக்க முடிந்ததே இல்லை. பாகூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் போனில் கேட்பார்.

"கப்பல்ல போறியா மச்சான்?"

"இல்ல."

"மூட்டை தூக்குறியா?"

"இல்ல."

"அப்ப இன்னாதான் பண்ற?"

"மூட்டை தூக்குறவனும் லாரி ஓட்டுறவனும் ஒருத்தன் மேல ஒருத்தன் மோதிக்காம பாத்துக்குறேன்."

"அதுக்கு சம்பளம் வேற தர்றானா? நல்ல நாடுப்பா அது."

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. ஒரே தரையில் பல கம்பெனிகள். ஒன்றுக்கு மஞ்சள் மேலங்கி, ஒன்றுக்கு ஆரஞ்சு, ஒன்றுக்குப் பச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கு, ஒவ்வொரு சங்குக்கும் ஓர் அர்த்தம். தீப்பிடித்தால் எல்லாரும் ஓடிக் கூட வேண்டிய இடமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மஞ்சள்காரர்கள் கூட வேண்டிய இடம், பச்சைக்காரர்களின் லாரிகள் பின்னால் வந்து திரும்பும் இடம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது எல்லாக் கம்பெனிகளும் எனக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் போட்டன. இடத்தை யாரும் மாற்றவில்லை. மாற்றும் செலவு யாருடையது என்று தெரியவில்லையாம்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பொதுப் பாதுகாப்பு இருந்தது. பல பேர் கழனிக்கு ஒரே டிரான்ஸ்ஃபார்மர். எவன் மோட்டாரில் கை வைப்பதென்றாலும் முதலில் அதிலிருக்கும் பீஸை, அதாவது ஃபியூஸ் கட்டையை, பிடுங்க வேண்டும். பிடுங்கியதைக் கீழேயே வைத்துவிட்டுப் போனால், தண்ணீருக்குத் தவிக்கும் அடுத்த கழனிக்காரர் வந்து சொருகிவிடுவார். அதனால் நம்பிக்கையான ஓர் ஆளைப் பிடித்து, பீஸை அவர் கையில் கொடுத்து, "தோ வந்துட்றேன். யாரு கேட்டாலும் குடுக்காத" என்று சொல்லிவிட்டுப் போவான். அவர் வேப்பமரத்து நிழலில் குந்தியிருப்பார். போனவன் உயிர் அவர் மடியில் இருக்கும்.

இந்த முறையில் யாரும் சாகவில்லையா என்று கேட்பீர்கள். செத்திருக்கிறார்கள். குந்தியிருந்தவருக்கு ஏதோ அவசரம் வந்த நாளில் ஒருவர் போனார். சாவு வீட்டில் குந்தியிருந்தவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். "பாவம், அவரு இன்னா பண்ணுவாரு" என்று செத்தவரின் மனைவியே சொன்னதாக ஞாபகம். நாங்கள் ஆளை நம்பிப் பழகியவர்கள். ஆள் தவறினாலும் நம்பியதைத் தவறென்று சொல்ல மாட்டோம்.

துறைமுகத்தில் நான் ஒப்பித்துக் காட்டும் விதியோ யாரையும் நம்பாதே என்கிறது. உன் உயிர் உன் பையில் மட்டும் இருக்கட்டும் என்கிறது. இதைப் பிரெஞ்சில் சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றாது. எங்கள் ஆட்களுக்குத் தமிழில் சொல்லும்போதுதான் யாரையோ திட்டுவது போல இருக்கும்.

3

மூர்த்தி கரையாம்புத்தூர்க்காரன். கூட்டி அள்ளும் கம்பெனி, மஞ்சள் மேலங்கி. கரும்பு வெட்டிய குடும்பம். மனைவி அமுதாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் அவளுக்குக் கிடைத்த பிரெஞ்சு நேஷனாலிட்டி வழியாக இங்கே வந்தவன். வேலையில் கெட்டி, பொருள்களைத் தொலைப்பதில் அதைவிடக் கெட்டி. கையுறை, தொப்பி, பஸ் பாஸ் எதுவும் அவனிடம் ஒரு மாதம் தங்காது.

ஞானப்பிரகாசம் வில்லியனூர். பெல்ட் பழுது பார்க்கும் கம்பெனி, ஆரஞ்சு மேலங்கி. ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு அந்த நேஷனாலிட்டி கிடையாது. வருஷா வருஷம் புதுப்பிக்கும் தங்கும் அனுமதிக் கார்டில் இருந்தார். குடியுரிமைக்கு மனு போட்டுக் காத்திருந்தார். அந்த மனுவுக்கு ஆபத்து வருமென்று சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்க மாட்டார். ஆளே இல்லாத சாலையில்கூட.

இருவருக்கும் உறவு ஒன்றுமில்லை. மூர்த்தி அவரை மாமா என்பான், அவர் இவனை டேய் என்பார்.

என் பூட்டை வெட்டி மாட்டிய வாரத்தில் சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து மூர்த்தி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ண்ணா, ஃபோட்டோல நல்லாத்தான் சிரிக்கிறீங்க."

"சாப்புட்றா."

"இல்லண்ணா, சட்டம் போட்ட உங்களுக்கே சாவி மறந்துபூடுதுன்னா எனக்கெல்லாம் இன்னா ஆவுறது? என் மூஞ்சியயும் பக்கத்துல மாட்டிடுவான்." சொல்லிவிட்டுத் தன் சாவியை எடுத்து ஞானப்பிரகாசத்தின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "மாமா, நீங்களே வெச்சிக்கங்க. உள்ள போனா எப்பவும் நீங்கதான கடைசியா வர்றீங்க. ரெண்டயும் தெறந்துட்டு வந்துடுங்க."

"ஏண்டா, உன் உசுர நான் எதுக்குடா செமக்கணும்?"

"அது இன்னா கனம்? சும்மா வெச்சிக்க மாமா."

ஞானப்பிரகாசம் சிரித்துக்கொண்டே அந்தச் சாவியைத் தன் வளையத்தில் கோத்தார். அதில் வில்லியனூர் மாதா பதக்கம் ஒன்று தொங்கியது. பதக்கம், அவர் சாவி, மூர்த்தி சாவி.

இதை நான் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்கவில்லை, அதே மேஜையில், அவர் டப்பாவிலிருந்து எடுத்த வஞ்சிர வறுவலை மென்றபடி பார்த்தேன். "பரவாயில்லையே அண்ணே, இனிமே என்னைப்போல யாரும் சாவியோட வூட்டுக்குப் போவ மாட்டாங்க" என்றும் சொன்னேன். ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன், கிண்டலிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்று மகிழ்ந்துபோனான்.

"நான் மறந்தா கப்பலு நிக்கும் தம்பி. கப்பலு நின்னா என் கார்டு நிக்கும். மறப்பனா?" என்றார் அவர்.

அவர் மறக்கவில்லை. அதுதான் நடந்தது.

4

அன்று மழை. இருவரும் சுரங்கத்துக்குள் போயிருந்தார்கள், கொண்டியில் இரண்டு பூட்டு. ஞானப்பிரகாசம் இந்த முனையில் ஓர் உருளையை மாற்றிக்கொண்டிருந்தார். மூர்த்தி மறுமுனையில், பெல்ட்டின் வளைவுக்கு அடியில், ஈரத்தில் இறுகிய தீவனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வேலை முடிந்து ஞானப்பிரகாசம் மேலே வந்தபோது மஞ்சள் மேலங்கிக் கூட்டம் ஒன்று மழைத் தொப்பியை இழுத்துவிட்டபடி தேநீருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டேய் மூர்த்தி, வந்துட்டியாடா?" என்று கத்தினார்.

கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது.

அந்தக் கை யாருடையது என்று பிறகு எல்லாரையும் கேட்டார்கள். யாருக்கும் நினைவில்லை. யாரோ கூப்பிட்டார்கள், யாரோ கையாட்டினார்கள். அவர் தன் பூட்டைக் கழற்றினார். பிறகு மூர்த்தியின் பூட்டைக் கழற்றினார். அந்தப் பூட்டிலும் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்திருக்கும். பெல்ட் ஓட்டும் கம்பெனி விதிப்படி சங்கு ஊதியது. உள்ளே மூர்த்தி அதைக் கேட்டான். லாரிக்காரர்களின் சங்கு என்று நினைத்தான். நாள் முழுக்க ஏதாவது ஒரு சங்கு ஊதிக்கொண்டிருக்கும் இடத்தில் அவனவன் தன்னுடையதல்ல என்றுதான் நினைப்பான்.

பெல்ட் ஓடத் தொடங்கியது. அதன் ஓரமாக ஒரு கயிறு உண்டு, இழுத்தால் நின்றுவிடும். அவன் அலறல் கேட்டு இறங்கி ஓடி அதை இழுத்தது விளக்குக் கம்பெனியின் போர்த்துகீசியப் பெண். அவளால்தான் மூர்த்தி உயிரோடு இருக்கிறான். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஞானப்பிரகாசம் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். கழற்றிய பூட்டுகள் இரண்டும் அவர் மடியில் இருந்தன.

5

பிறகு கூட்டங்கள். விபத்து நடந்த அந்த இடம் யாருடையது என்பதை முடிவு செய்யவே பல கூட்டங்கள் போயின. பெல்ட் ஒருவருடையது, அதைச் சுற்றிய சுவர் துறைமுக நிர்வாகத்துடையது, சிந்திய தீவனம் சரக்குக்காரருடையது, விளக்கு நான்காமவருடையது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வக்கீல் வந்தார். எல்லாரும் சுரங்கத்தின் வரைபடத்தில் வண்ண வண்ணமாகக் கோடு போட்டார்கள். கடைசியில் மூர்த்தியின் கை இருந்த இடத்தில் எந்த வண்ணமும் இல்லை.

சாவி விஷயத்தில் மட்டும் வக்கீல்கள் எல்லாரும் ஒன்றுபட்டார்கள். ஒருவன் பூட்டை இன்னொருவன் கழற்றியிருக்கிறான். கழற்றியவனுக்கு அந்தச் சாவி எப்படிக் கிடைத்தது? மூர்த்தி தானாகக் கொடுத்திருந்தால் அவனும் விதியை மீறியவன். தவறில் பங்கு அவன் தலையிலும் எழுதப்படும், வாழ்நாள் முழுக்க வரவேண்டிய உதவித்தொகை குறையும். அவனுக்குத் தெரியாமல் ஞானப்பிரகாசம் எடுத்திருந்தால் அது குற்ற வழக்கு. ஜெயில் இல்லாவிட்டாலும் கார்டு போகும், மனு போகும், வில்லியனூருக்கு விமானம்.

தொழிலாளர் துறை ஆய்வாளர் மருத்துவமனைக்கு வந்து வாக்குமூலம் எடுக்கும் நாளில் நானும் போனேன். வார்டில் கட்டிலோரம் அமுதாவின் அண்ணன் மூர்த்தியிடம் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். "லாக்கர்ல வெச்சிருந்தேன், அவரு எடுத்துட்டாருன்னு சொல்லிடு மாப்ள. கை போனது உனக்கு. பொண்டாட்டி புள்ள இருக்குது. அவரா வந்து சோறு போடப்போறாரு?" மூர்த்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானப்பிரகாசம் மேலே வரவில்லை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார்.

"எனக்காக ஒண்ணியும் பேசாத தம்பி," என்றார். "இன்னா சொன்னான்னு மட்டும் வந்து சொல்லு."

மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ஆய்வாளர் கேள்வியைக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் அதைத் தமிழில் சொன்னார். "உங்கட சாவி அவரிட்ட எப்படிப் போனது எண்டு கேக்கினம்."

மூர்த்தி கூரையிலிருந்து பார்வையை இறக்கி ஆய்வாளரைப் பார்த்தான். அமுதாவின் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் குடுத்தேன். அவருகிட்டயே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். அவரு கேக்கல. வேணாம்னுதான் சொன்னாரு. எங்க ஊர்ல பீஸப் புடுங்கி மாமா மச்சான் கையில குடுத்துட்டுப் போவோம். அந்த மாதிரி குடுத்தேன்."

யாழ்ப்பாணத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிச் சொன்னேன். ஆய்வாளர் பொறுமையாக எழுதிக்கொண்டு, மாமா என்றால் தாயின் சகோதரரா என்று கேட்டார். உறவே கிடையாது என்றேன். பிறகு ஏன் சாவியைக் கொடுத்தார் என்றார். இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்து, பட்டயப் படிப்பெல்லாம் படித்து, அந்தக் கேள்விக்குப் பிரெஞ்சில் ஒரு பதில் என்னிடம் இல்லை. "குடும்ப உறவு தெளிவாக இல்லை" என்று எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கி ஞானப்பிரகாசத்திடம் சொன்னேன். அவர் வாயில் முதலில் வந்தது, "மடப்பய."

பிறகு ஒரு காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். "பொண்டாட்டி புள்ளைய நெனைக்கலையே, மடப்பய."

அவர்மேல் வழக்கு வரவில்லை. கார்டும் போகவில்லை. கம்பெனி மட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறார். அங்கே பூட்டு எதுவும் கிடையாது என்று விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தார்.

மூர்த்தியின் தலையில் பங்கு எழுதப்பட்டது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு இடது கையால் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று மனு திரும்பி வந்தது.

6

துறைமுகத்தில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் ஒரு பலகை இருக்கும். விபத்தில்லாமல் எத்தனை நாள் ஆகிறது என்று அதில் எண் ஏறிக்கொண்டே போகும். விபத்து நடந்தால் பூஜ்யம். மூர்த்தியின் கம்பெனி குத்தகைக்குக் குத்தகை எடுத்த சின்னக் கம்பெனி. அதற்கு வாசலே இல்லை, அதனால் பலகையும் இல்லை. மற்றவர்களுக்கு அடிபட்டவன் தங்கள் ஆள் இல்லை. ஆகவே எந்தப் பலகையும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

போன வாரம், சரியாக வருஷம் திரும்பும் வாரத்தில், பெல்ட் ஓட்டும் கம்பெனி விபத்தில்லாத ஆண்டைக் கொண்டாட, எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்த எங்கள் பாதுகாப்புக் கூட்டுக்குழுவுக்குக் கேக் வாங்கி வைத்தது.

அந்தக் கூட்டத்தில் பேசுவதென்று முடிவு செய்தேன். எழுதியும் வைத்தேன். சாவி கைமாறும் பழக்கம் என் பூட்டை வெட்டிய வாரத்தில் தொடங்கியது, நான் பார்த்தேன், பாராட்டினேன், தடுக்கவில்லை. பிரெஞ்சைத் திருத்தித் தரும்படி மகளிடம் கொடுத்தேன். அவள் இங்கே பிறந்தவள். என் பிரெஞ்சைத் திருத்தும்போது மட்டும் அவளுக்கு அப்பா மேல் ஒரு கனிவு வரும். பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"மூர்த்தி யாருப்பா?" பிரெஞ்சில்தான் கேட்டாள்.

சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் தேர் காட்டியவன். எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பெயின்ட் அடித்தவன். ஒரு வருஷமாக இந்த வீட்டில் பேச்சே அவனைப் பற்றித்தான். தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"தெரிஞ்சவன்" என்றேன். அவள் எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.

கூட்டத்தில் எழுந்து படித்தேன். குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கியது. வேலை போகும், வழக்கு வரும், எதுவானாலும் சரி என்று நிமிர்ந்து நின்றேன். குழுத் தலைவர் கடைசிவரை கேட்டார். இந்த உணர்வுபூர்வமான பங்களிப்புக்கு நன்றி, ஆனால் விசாரணை முடிந்துவிட்டது, இன்றைய நிகழ்ச்சி நிரலில் இது இல்லை என்றார். குறிப்பில் "பூட்டுப் பயிற்சி மேம்படுத்தப்படும்" என்று எழுதச் சொன்னார். மேம்படுத்தும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு கேக் வெட்டினார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷத்தில் பல தடவை போயிருக்கிறேன். மழையைப் பற்றி, ஊர்த் தேர்தலைப் பற்றி, பாகூர் ஏரி நிரம்பியதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவேன். இந்த முறை சொல்லிவிடுவதென்று போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று வழியில் ஒரு பை ஆரஞ்சு வாங்கினேன்.

அமுதா ஓட்டல் வேலைக்குப் போயிருந்தாள். மூர்த்தி கதவைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் செய்துகொடுத்த செயற்கைக் கை அலமாரி மேல் கிடந்தது, குளிரில் வலிக்கிறதாம். சோபாவில் உட்கார்ந்து பையை அவன் மடியில் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். சுவரில் தொங்கிய பூட்டு, அவன் சொன்ன கிண்டல், வஞ்சிர வறுவல், நான் சொன்ன பாராட்டு. எல்லாம் என்னிடமிருந்துதான் தொடங்கியது என்றேன். கூட்டத்தில் எழுந்து சொன்னதையும் சொன்னேன். கேக்கை மட்டும் விட்டுவிட்டேன். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

அவன் முழுதும் கேட்டுக்கொண்டான்.

"முடிஞ்சிதாண்ணா?"

"முடிஞ்சிது."

"காலையில மாமா வந்தாரு. என்னாலதாண்டா, என்னாலதாண்டான்னு தோ இங்கதான் குந்தினு அழுதாரு. நேத்து எங்க சூப்பர்வைசர் வந்தான். அவனும் அதையேதான் சொன்னான். வருஷம் திரும்புதில்ல, ஆளாளுக்கு வந்து சொல்லிட்டுப் போறீங்க."

எழுந்து சன்னல் திரையை விலக்கினான். விளிம்பு நெடுக ஆரஞ்சுகள் வரிசையாக இருந்தன. சில சுருங்கத் தொடங்கியிருந்தன. என் பையையும் அங்கே கொண்டுபோய் வைத்தான்.

"இத்தினி பேரு வந்தீங்களே, ஒருத்தராவது வாழப்பழம் வாங்கினு வந்தீங்களாண்ணா? இத எப்பிடி உரிக்கிறது நானு?"